பேய்மேல் போட்ட பழி

பேய் உண்டா இல்லையா என்பது தீர்ந்துபோன வழக்கு. தீராத வழக்கு ஒன்று இருக்கிறது. பேய் இல்லை என்று நன்றாகத் தெரிந்தவர்களுக்கும் பேய் ஏன் இத்தனை தேவைப்படுகிறது? பட்டப்பகலில் மனிதன் செய்த காரியத்திலிருந்து மனிதனைத் தப்பவைப்பதற்குத்தான் என்பது என் பதில். அதை ஒரு பேய்க்கதையை வைத்தே சொல்லிப் பார்க்கலாம்.

அமெரிக்க எழுத்தாளர் எஃப். பால் வில்சன் தொழிலால் மருத்துவர். 1981-இல் 'தி கீப்' என்ற நாவலை எழுதினார். 1983-இல் மைக்கேல் மான் அதைப் படமாக எடுத்தார். எழுதியவருக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, தன் கதை திரையில் எப்படி வந்திருக்க வேண்டும் என்று நினைத்தாரோ அப்படியே காமிக்ஸாக எழுதிக் கொடுத்தார். மேத்யூ ஸ்மித் வரைந்தார். ஐடிடபிள்யூ நிறுவனம் 2005-06-இல் அதை ஐந்து இதழ்களாக வெளியிட்டது.

கதை நடப்பது 1941 ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும். ருமேனிய மலைகளுக்கு நடுவே ஒரு கணவாய்; அங்கே ஒரு பழைய கோட்டை. ஜெர்மன் ராணுவத்தின் சிறு படை ஒன்று காவலுக்கு வந்து தங்குகிறது. கோட்டைச் சுவர்களில் ஆயிரக்கணக்கில் சிலுவைகள் பதித்திருக்கின்றன. ஒன்று தங்கமும் வெள்ளியுமாக மின்னுகிறது என்று பேராசைப்பட்டு ஒரு சிப்பாய் கல்லைப் பெயர்க்கிறான். உள்ளே அடைபட்டுக் கிடந்தது வெளியே வருகிறது. அதன்பின் இரவுக்கு ஒரு பிணம். தளபதி வோர்மன் இடமாற்றம் கேட்கிறான். மேலிடமோ நாஜிகளின் கறுப்புச் சீருடை எஸ்எஸ் படையோடு மேஜர் கெம்ப்ஃபரை அனுப்பிவைக்கிறது. சுவரில் தோன்றும் பழைய மொழி வாசகத்தைப் படித்துச் சொல்ல, குசா என்ற யூதப் பேராசிரியரையும் அவர் மகள் மாக்தாவையும் இழுத்து வருகிறார்கள்.

ஒரு கணம் இங்கே நின்று நம்மை நாமே பார்ப்போம். கறுப்புச் சீருடைக்காரன் ஒருவன் கழுத்து கிழிந்து சாகிறான். பக்கத்தைப் புரட்டுகிற நமக்கு என்ன தோன்றுகிறது? 'நன்றாக வேண்டும்' என்று தோன்றுகிறது. வாசகனுக்கு வலிக்காத கொலை வேண்டுமென்றால் நாஜியைக் கொல்லச் சொல்ல வேண்டும். அதைவிடப் பாதுகாப்பான மகிழ்ச்சி கதையுலகில் இல்லை. கொல்வது பூதம், சாவது கொலைகாரன், நம் கையில் ஒரு சொட்டு ரத்தமும் இல்லை.

வில்சனின் கெட்டிக்காரத்தனம் இந்த மகிழ்ச்சியைப் பொறியாக்கியதில் இருக்கிறது. அந்தப் பொறியில் முதலில் விழுபவர் குசா.

குசா முட்டாள் இல்லை. படித்தவர், வரலாறு தெரிந்தவர், ஆதாரம் கேட்டே பழகியவர். தோலும் மூட்டும் இறுகிப்போகும் நோயால் சக்கர நாற்காலியில் முடங்கியிருக்கிறார். கோட்டையிலிருந்து வெளிப்பட்டவன் மொலாசர் என்ற பெயரில் அவர்முன் வருகிறான். சிலுவையைக் கண்டதும் பதறிப் பின்வாங்குகிறான். பேராசிரியர் கண்ணெதிரே நடந்ததை வைத்துக் கணக்குப் போடுகிறார்: சிலுவைக்கு இவன் அஞ்சுகிறான் என்றால் சிலுவைக்குச் சக்தி இருக்கிறது. சிலுவைக்குச் சக்தி இருக்கிறதென்றால் என் முன்னோர் உயிரைக் கொடுத்துக் காத்த மதம் பொய். இந்த இடத்தில் அவர் முதுகெலும்பு முறிகிறது. அதன்பின் மொலாசர் சொல்வதெல்லாம் உள்ளே போகிறது. நோயைக் குணமாக்குகிறான், எழுந்து நடக்கிறார். பெர்லினுக்குப் போய் ஹிட்லரை ஒழிக்கிறேன் என்கிறான், நம்புகிறார். அதற்கு ஈடாக அவன் கேட்பது ஒன்றுதான். கோட்டைக்குள் புதைந்திருக்கும் ஒரு பொருளை வெளியே கொண்டுவந்து தர வேண்டும்.

அத்தனையும் நடிப்பு. அந்தச் சிலுவைக்கும் கிறிஸ்தவத்துக்கும் தொடர்பே இல்லை. அவனை அடைத்துவைத்த வாளின் கைப்பிடி வடிவம் அது, அவ்வளவுதான். மனிதத் துயரமே அவனுக்குத் தீனி. ஹிட்லரின் முகாம்கள் அவனுக்கு விருந்து மண்டபம். விருந்து வைப்பவனை எவன் ஒழிப்பான்?

குசா செய்த தவறு மூடநம்பிக்கை ஆகாது. கண்ணால் கண்டார், கண்டதிலிருந்து முடிவுக்கு வந்தார். ஆனால் கண்டதைத் தீர விசாரிக்கவில்லை. இந்தக் காட்சியை எனக்கு யார் காட்டுகிறார்கள், காட்டுவதால் அவனுக்கு என்ன லாபம், இதே காட்சிக்கு வேறு காரணம் இருக்க முடியாதா என்ற மூன்று கேள்விகளும் அவருக்குத் தெரியாதவை அல்ல. கேட்க மனம் வரவில்லை. ஏனென்றால் கிடைத்த விடை அவர் ஏங்கியதோடு அப்படியே பொருந்தியது. சாவின் வாசலில் நிற்கும் ஒரு யூதருக்கு ஹிட்லரை ஒழிக்கும் கை வேண்டியிருந்தது. அவரைக் குறைசொல்ல நமக்கு அருகதை இல்லை. நாற்காலியில் சாய்ந்து கதை படித்த நாமும் அதே கைக்குத்தானே கைதட்டிக்கொண்டிருந்தோம்?

இதுவரை கதை. இனி நாள்காட்டி.

கதையில் மே மாதத் தொடக்கத்தில் மொலாசர் தோற்கிறான். மாய வாளோடு வந்த வீரனால் நல்ல சக்தி வெல்கிறது, கணவாயில் விடிகிறது. அதே ருமேனியாவில், அதே 1941-இல், ஏழெட்டு வாரம் கழித்து ஜூன் கடைசி வாரம் வருகிறது. வடகிழக்கே யாஷி என்ற நகரம். மக்கள்தொகையில் கணிசமான பகுதி யூதர்கள். சோவியத் யூனியன்மேல் போர் தொடங்கிச் சில நாள்களே ஆகியிருந்தன. சோவியத் விமானங்கள் நகரத்தில் குண்டு போட்டன. யூதர்கள்தான் விமானங்களுக்கு விளக்குக் காட்டினார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பியது. கிளம்பியது என்று சொல்வதுகூடத் தப்பு, கிளப்பிவிடப்பட்டது. ஜூன் 29 ஞாயிற்றுக்கிழமை காவல் தலைமையகத்தின் முற்றத்துக்கு ஆயிரக்கணக்கான யூதர்களை ஓட்டிவந்து சுட்டார்கள். தெருவிலும் வீட்டிலும் கொன்றார்கள். தப்பியவர்களைச் சரக்கு ரயில் பெட்டிகளில் திணித்துக் கதவை ஆணியடித்து அனுப்பினார்கள். வெயிலில், தண்ணீரில்லாமல், காற்றில்லாமல் ரயில்கள் மெல்ல ஊர்ந்தன. ஒரு ரயிலில் ஏறத்தாழ 2,500 பேரை ஏற்றினார்கள். அது ஏறக்குறைய ஒரு வாரம் அலைந்து கலராஷ் ஊரைச் சேர்ந்தபோது உயிரோடிருந்தவர்கள் சுமார் 1,000 பேர். யாஷியில் கொல்லப்பட்டவர்கள் மொத்தம் 13,000-க்கு மேல் என்பது ருமேனிய அரசே பின்னாளில் ஏற்றுக்கொண்ட கணக்கு.

செய்தவர்கள் யார்? ருமேனியப் போலீஸ், ருமேனிய ராணுவம், உடன் ஜெர்மன் சிப்பாய்கள். அவர்களுக்கு வீடு காட்டியும் அடித்தும் கொள்ளையடித்தும் உதவியவர்கள் பக்கத்துத் தெருக்காரர்கள்.

இன்னொரு விவரம். கொலை தொடங்குமுன் யாஷியில் கிறிஸ்தவர்களின் வீடுகளில் சிலுவைக்குறி போட்டார்கள், கொல்ல வருகிறவர்கள் அந்த வீட்டை விட்டுவிட வேண்டும் என்பதற்காக. காமிக்ஸில் சுவரில் பதித்த சிலுவை பூதத்தை அடைத்துவைத்தது. யாஷியில் கதவில் வரைந்த சிலுவை, எந்த வீட்டில் கொல்லலாம் என்று மனிதனுக்கு வழிகாட்டியது. வரைந்த வீட்டுக்காரர்கள் எல்லோரும் கொலைகாரர்கள் இல்லை. பலர் பயந்து போட்டிருப்பார்கள். ஆனால் அந்தக் குறியைப் போட்ட ஒவ்வொரு கைக்கும் பக்கத்து வீட்டுக்கு என்ன நடக்கப்போகிறது என்று ஓரளவாவது தெரிந்திருந்தது. எந்தப் பேய்க்கதையிலும் இவ்வளவு குளிரான காட்சியை நான் படித்ததில்லை.

போர் முடிந்தது. ருமேனியா என்ன செய்தது? சில விசாரணைகள், சில தண்டனைகள். பிறகு நீண்ட மௌனம். கம்யூனிஸ்ட் ஆட்சிக்காலத்தில் பழி முழுவதும் ஜெர்மனிமேலும் ஒரு சிறு பாசிசக் கும்பல்மேலும் போயிற்று. கெட்டது எல்லைக்கு வெளியிலிருந்து வந்தது, உள்ளூர்க்காரன் கை சுத்தம் என்றாயிற்று. 2003 ஜூனில்கூட, ருமேனிய எல்லைக்குள் யூதப் படுகொலையே நடக்கவில்லை என்று அந்த அரசு அறிக்கை விட்டது. உலகம் கொதித்த பிறகு, ருமேனியாவின் சிகெட் ஊரில் பிறந்து ஆஷ்விட்ஸிலிருந்து மீண்ட எலீ வீசல் தலைமையில் ஒரு சர்வதேச ஆணையம் அமைந்தது. 2004-இல் அதன் அறிக்கை வந்தது: ருமேனிய ஆட்சியின்கீழ் இருந்த பகுதிகளில் கொல்லப்பட்ட யூதர்கள் 2,80,000 முதல் 3,80,000 வரை. அறுபது ஆண்டுக்கு மேல் ஒரு நாடு தன் கையைப் பார்க்காமல் இருக்க முடிந்தது என்றால், அந்த வசதியைச் செய்துகொடுத்தது வெளியூரிலிருந்து வந்த பூதம் என்ற கதைதான்.

'கதையைப் போய் இவ்வளவு தூரம் இழுக்கலாமா?' என்று கேட்பீர்கள். கதைமேல் எனக்குக் கோபம் இல்லை. பேய்க்கதை தன்னைக் கதை என்று ஒப்புக்கொண்டு வருகிறது; அட்டையிலேயே சொல்லிவிடுகிறது. ஆபத்து, அதே கதை சரித்திரம் என்ற சட்டையைப் போட்டுக்கொண்டு வரும்போது. ஹிட்லர் ஒரு சாத்தான், நாஜிகள் மாந்திரீகத்தில் மூழ்கியவர்கள், அந்தக் காலத்தில் ஒரு தேசத்துக்கே பேய் பிடித்திருந்தது என்று அது பேசும். இதைச் சொல்பவர் கடுமையாகக் கண்டிப்பதாக நினைத்துக்கொள்கிறார். உண்மையில் அவர் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார். பேய் பிடித்தவனைக் கூண்டில் ஏற்ற முடியாது. பேய் பிடித்த தேசத்தில் எந்தக் குமாஸ்தாவும் குற்றவாளி இல்லை.

நாஜித் தலைவர்களில் சிலருக்கு அமானுஷ்ய மோகம் இருந்தது உண்மை. எஸ்எஸ் தலைவன் ஹிம்லர், பழைய சூனியக்காரி வழக்குகளை ஆராய 1935-இல் ஒரு பிரிவையே அமைத்தான். அந்தப் பிரிவு சுமார் 33,000 அட்டைகளில் குறிப்பெடுத்துச் சேர்த்தது. சூனியக்காரிகள் என்று எரிக்கப்பட்டவர்கள் ஜெர்மானியப் பெண்கள், தேவாலயத்தின் பலிகள் என்று நிறுவுவது அவன் நோக்கம். கவனியுங்கள்: பழைய சூனிய வேட்டையில் சாத்தான் யாரும் இல்லை, எரித்தவன் மனிதன்தான் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே அதைவிடப் பெரிய வேட்டையை நடத்தினான்.

அந்த வேட்டைக்கு மந்திரம் தேவைப்படவில்லை. கால அட்டவணை தேவைப்பட்டது. யூதர்களை முகாம்களுக்கு ஏற்றிச்சென்ற ஜெர்மன் ரயில்வே, தலைக்கு இவ்வளவு என்று மூன்றாம் வகுப்புக் கட்டணம் கணக்கிட்டது. பத்து வயதுக்குக் குறைந்த குழந்தைக்குப் பாதிக் கட்டணம். நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு இலவசம். 400 பேருக்கு மேல் போனால் கூட்டுப் பயணச் சலுகை. போவதற்கு மட்டும் சீட்டு. வருவதற்குச் சீட்டு கிடையாது, காவலர்களுக்குத் தவிர. இந்தக் கட்டணத்தை யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து பெருக்கிக் கூட்டிச் சரிபார்த்திருக்கிறார். மாலையில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கிறார். எந்தப் பேய் அவர் பேனாவைப் பிடித்து எழுதியது?

ஜெர்மன் ராணுவச் சிப்பாயின் இடுப்புவாரில் ஒரு வாசகம் பொறித்திருந்தது: கடவுள் நம்மோடு இருக்கிறார். அதை அணிந்தவர்களில் ஒருவரும் சாத்தானுக்கு வேலை செய்வதாக நினைக்கவில்லை.

'கட்டளைக்குப் பணியாவிட்டால் உயிர் போயிருக்குமே, பாவம் அவர்கள் என்ன செய்வார்கள்?' இது பேயைவிடக் கொஞ்சம் நாகரிகமான சாக்கு. அதையும் பார்த்துவிடுவோம். 1942 ஜூலை 13, போலந்தில் யூசெஃபூவ் என்ற ஊர். ஹாம்பர்க் நகரத்திலிருந்து வந்த ரிசர்வ் போலீஸ் படை, எண் 101. சுமார் 500 பேர். பெரும்பாலும் நடுவயதுக்காரர்கள், முன்பு துறைமுகக் கூலிகளாகவும் லாரி ஓட்டுநர்களாகவும் இருந்தவர்கள். அன்று ஊரின் யூதர்களைச் சுட வேண்டும் என்று அவர்களின் தலைவர் மேஜர் ட்ராப் சொன்னார். சொல்லும்போது கண்ணீர் விட்டார். தங்களால் இது முடியாது என்று நினைக்கும் மூத்தவர்கள் விலகிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். விலகி நின்றவர்கள் ஏறத்தாழ ஒரு டஜன் பேர். அவர்களை யாரும் சுடவில்லை, சிறையில் போடவில்லை. வேறு வேலை கொடுத்தார்கள். மற்றவர்கள் மாலைக்குள் ஏறக்குறைய 1,500 பேரைக் கொன்றார்கள். நடுவில் மனம் தாளாமல் நழுவியவர்களும் உண்டு. அவர்கள் சிலரே. வரலாற்றாசிரியர் கிறிஸ்டோபர் பிரவுனிங் விசாரணைப் பதிவுகளைப் படித்து 1992-இல் இதை நூலாக எழுதினார். நிராயுதபாணிகளைக் கொல்ல மறுத்ததற்காக ஒரு ஜெர்மானியனுக்குக் கடும் தண்டனை கிடைத்தது என்று நிரூபிக்கும் ஒரு வழக்கைக்கூட, போருக்குப் பின் பல ஆண்டுகள் நடந்த விசாரணைகளில் குற்றம் சாட்டப்பட்டவர்களின் வழக்கறிஞர்களால் காட்ட முடியவில்லை.

அப்படியானால் விலகாத மற்றவர்களை எது பிடித்து நிறுத்தியது? பக்கத்தில் நிற்பவன் கோழை என்பானோ என்ற கூச்சம். வரிசையிலிருந்து ஓர் அடி வெளியே வைக்கத் தயக்கம். 'நான் விலகினால் மட்டும் நின்றுவிடுமா' என்ற சமாதானம். இவற்றில் எதையாவது நாம் அறியோம் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? அலுவலகத்தில், குடும்பத்தில், சாதிக்கூட்டத்தில் தினம் பழகும் சாமான்கள்தானே இவை?

காமிக்ஸுக்கே ஒரு பழைய கதை இருக்கிறது. 1954-இல் அமெரிக்காவில், காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று கூச்சல் எழுந்து, பதிப்பாளர்கள் தங்களுக்குள் ஒரு நடத்தை விதி வகுத்துக்கொண்டார்கள். ரத்தக் காட்டேரி, ஓநாய் மனிதன், நடமாடும் பிணம் எல்லாவற்றுக்கும் தடை. நன்மையே எப்போதும் வெல்ல வேண்டும். அதே விதியில் இன்னொன்றும் இருந்தது: போலீஸ்காரர், நீதிபதி, அரசு அதிகாரி ஆகியோர்மேல் மரியாதை குறையும்படி வரையக்கூடாது. போர் முடிந்து ஒன்பதே ஆண்டு! யாஷியில் சுட்டது போலீஸ். ரயிலை அனுப்பியது அதிகாரிகள். இனச் சட்டத்தை வைத்துத் தீர்ப்பு எழுதியது நீதிபதிகள். குழந்தைகளைக் காப்பாற்றக் கிளம்பிய பெரியவர்கள் காட்டேரியை விரட்டிவிட்டு, சந்தேகப்பட வேண்டியவர்களைச் சந்தேகிக்கக்கூடாதவர்கள் ஆக்கினார்கள். 1955-இல் பெர்னார்ட் கிரிக்ஸ்டீன் எட்டே பக்கத்தில் 'மாஸ்டர் ரேஸ்' என்ற கதையை வரைந்தார். நியூயார்க் சுரங்க ரயிலில் போகும் ஒரு முன்னாள் முகாம் தலைவன், எதிரே ஏறிய ஒரு முகத்தைக் கண்டு நடுங்குகிறான். அதில் பேயும் இல்லை, பூதமும் இல்லை. தான் செய்தது தனக்குத் தெரியும் என்பதே அவனை விரட்டுகிறது. திகில் என்றால் அது திகில்.

இதுவரை படித்துத் தலையாட்டிய பகுத்தறிவாளரிடம் இப்போது கொஞ்சம் பேச வேண்டும். ஏனென்றால் 'தி கீப்' கதையில் பேயை ஏற்க மறுத்து நிற்பவன் ஒருவன் உண்டு, யார் தெரியுமா? எஸ்எஸ் மேஜர் கெம்ப்ஃபர். அமானுஷ்யமாவது மண்ணாங்கட்டியாவது, இது கெரில்லாக்களின் வேலை என்கிறான். கிராமத்தாரைப் பிணையாகப் பிடித்து வைக்கிறான். மூடநம்பிக்கை அவனிடம் இல்லை. இரக்கமும் இல்லை.

இது கதை மட்டுமில்லை. 1939-இல் தொடங்கி, ஜெர்மனியின் மனநலக் காப்பகங்களிலிருந்தும் ஊனமுற்றோர் இல்லங்களிலிருந்தும் நோயாளிகளைப் பொறுக்கி எடுத்து, விஷவாயு செலுத்தி 70,000 பேருக்கு மேல் கொன்றார்கள். செய்தவர்கள் வெள்ளை அங்கி போட்ட மருத்துவர்கள். படிவத்தைப் படித்துச் சாக வேண்டியவர் யார் என்று குறி போட்டது அவர்கள் பேனா. மனித இனத்தின் தரத்தை உயர்த்துகிறோம், வீண்செலவைக் குறைக்கிறோம் என்று விஞ்ஞானத்தின் பெயரால் செய்தார்கள். இதை ஊரறிய எதிர்த்து 1941 ஆகஸ்டில் பேசியவர் ஒரு மதகுரு, ம்யூன்ஸ்டர் நகரத்துக் கத்தோலிக்க ஆயர் ஃபான் காலன். அதே மாதம் அந்தத் திட்டம் வெளிப்பார்வைக்கு நிறுத்தப்பட்டது, மறைவில் தொடர்ந்தது. அந்த ஆயர் யூதர்களுக்காக அதே குரலில் பேசவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1942 ஜனவரி 20-இல் பெர்லின் வான்சே ஏரிக்கரை மாளிகையில், ஐரோப்பிய யூதர்களை ஒழிக்கும் வேலையை ஒருங்கிணைக்க 15 பேர் கூடினார்கள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் முனைவர் பட்டம் பெற்றவர்கள். ஒன்றரை மணி நேரத்தில் கூட்டம் முடிந்தது.

ஆகவே, கடவுளை நம்பியவன் கொன்றான், நம்பாதவன் காத்தான் என்ற கணக்கும் உதவாது. நேர்மாறான கணக்கும் உதவாது. பேயை நம்பாமல் இருப்பது பகுத்தறிவின் அரிச்சுவடி. அரிச்சுவடியை முடித்ததற்கே மார்தட்டிக்கொண்டு நின்றுவிட்டவர்கள் நம்மில் நிறையப் பேர். 'இது உண்மையா' என்று கேட்பது பாதி வேலை. 'இதை நான் நம்பினால் யார் தப்பிக்கிறார்கள், யார் சாகிறார்கள்' என்று கேட்பது மீதி. யாஷியில் விளக்குக் காட்டினார்கள் என்ற வதந்தியை நம்ப யாருக்கும் மந்திரமோ சாத்தானோ தேவைப்படவில்லை. ஆள், இடம், நேரம் எல்லாம் சொல்லப்பட்ட, கேட்பதற்கு நியாயமாக ஒலித்த குற்றச்சாட்டு அது. யார் பார்த்தது, எங்கே பார்த்தது என்று திருப்பிக் கேட்கும் ஆள்தான் இல்லை. மாரியம்மன் கோயில் தீமிதியைக் கேள்வி கேட்கும் வாய், கைபேசியில் வந்த ஒரு வதந்திக்கு முன்னால் வாயடைத்துப் போகிறதென்றால் அந்தப் பகுத்தறிவால் பயனென்ன?

மனிதன்தான் செய்தான் என்று சொல்வது மன்னிப்பதற்காக இல்லை. மனிதன் என்று சொன்னால்தான் தண்டிக்க முடியும். மனிதன் என்று சொன்னால்தான் 'வேறு மாதிரியும் செய்திருக்கலாமே' என்று கேட்க முடியும். செய்துகாட்டியவர்கள் இருக்கிறார்கள் என்பதால் அந்தக் கேள்வி வலுவானது. யாஷியிலிருந்து கிளம்பிய அந்த ரயில் ரோமான் என்ற ஊர் நிலையத்தில் நின்றது. அங்கே உள்ளூர் செஞ்சிலுவைச் சங்கத் தலைவி வியோரிகா அகாரிச், போர்முனையிலிருந்து வந்த காயம்பட்ட ருமேனிய வீரர்களைக் கவனிக்க நின்றிருந்தார். அடைத்த பெட்டிகளுக்குள்ளிருந்து முனகல் கேட்டது. அதிகாரிகளோடு மல்லுக்கு நின்று, உள்ளே இருந்தவர்களுக்குத் தண்ணீரும் உணவும் கொடுக்க வைத்தார். ஊரார் அவரைத் தூற்றினார்கள். பதவியை விட்டு, ஊரை விட்டு புக்கரெஸ்டுக்குப் போனார். அவரிடம் மாய வாள் இல்லை. யுகயுகமாகத் தீமையோடு போராடும் வீரனின் வம்சமும் அவர் இல்லை. நிலையத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்ட அதே முனகல்தான் அவருக்கும் கேட்டது. காமிக்ஸில் தீமையை வெல்ல அமானுஷ்ய நாயகன் வேண்டியிருக்கிறது. பேயைப் படைத்தவன் பிறகு தேவதையையும் படைத்தே தீர வேண்டும். இரண்டும் வந்துவிட்டால், நடுவில் நிற்கும் நமக்கு வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேலை இல்லை.

கதையில் அந்த நடு இடத்துக்கும் ஒரு மனிதன் உண்டு: தளபதி வோர்மன். நாஜிகளை உள்ளூர வெறுப்பவன், ஓவியம் வரைபவன், கெம்ப்ஃபரின் கோழைத்தனத்தை முன்பே நேரில் கண்டவன். நல்லவன் என்றே நமக்குத் தோன்றும். ஆனால் அவன் வெறுப்பு அவன் சீருடையைக் கழற்றவில்லை. கோட்டையின் மிகத் துல்லியமான பாத்திரம் மொலாசர் அல்ல, இவன்தான் என்பேன். தீமையை அடையாளம் கண்டு, அருவருத்து, அதற்கே காவல் நின்ற நல்லவன். ரயில் கட்டணம் கணக்கிட்ட மேசைகளில் இவனைப் போன்றவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

பேய்க்கதைகளைத் தாராளமாகப் படியுங்கள். பயப்படுங்கள், அது ஓர் இன்பம். புத்தகத்தை மூடும்போது பேயை உள்ளேயே வைத்து மூடுங்கள். நாளைக்கு ஒரு கொடுமை செய்தியாக வரும். 'மனுஷனா இவன்' என்று யாராவது கேட்பார்கள். மனுஷன்தான் என்று சொல்லுங்கள். அதோடு நிறுத்திவிடாதீர்கள். உத்தரவு போட்டது யார், கையெழுத்திட்டது யார், வதந்தியைக் கைமாற்றியது யார், பார்த்துக்கொண்டு நின்றது யார் என்று வரிசையாகக் கேளுங்கள். அந்த வரிசையில் எந்த இடத்தில் நீங்கள் நிற்பீர்கள் என்று கடைசியாக உங்களையே கேளுங்கள். 'நான் அப்படிப்பட்டவன் இல்லை' என்ற பதில் உடனே வாயில் வந்தால் மட்டும் அதை நம்பாதீர்கள். ஹாம்பர்க்கில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவரும் அதைத்தான் சொல்லியிருப்பார்.